சேவ் பண்ணி வச்சிருந்தேனுங்க, ஆனா போன்ல இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

ஊத்துக்குளி பக்கம் ஒரு கிராமத்துல இருந்து எழுதறேனுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில பேட்லாக் டெய்லர் வேலை, வெடியால ஏழரைக்கு வேன் ஏறுனா பொழுதோட ஊடு வந்து சேர எட்டு ஆயிரும், அதனால உங்க பேப்பர நான் படிக்கறது எப்பவும் ராத்திரி சோறு உண்ட பொறவுதான். ஞாயித்துக்கிழமை பக்கத்துல போன் பத்தி சின்னச் சின்னதா போடறீங்கல்ல, சார்ஜ் நிக்கறதுக்கு என்ன பண்றது, எடம் காலி பண்றது எப்படின்னு, அதெல்லாம் கத்தரிச்சு வச்சிருக்கேன். ஆனா பேஸ்புக்கு இன்ஸ்டாவுல வர்ற வீடியோவ நம்ம போன்ல எறக்கி, நெட்டு இல்லாம பாக்கறது பத்தி எங்களாட்ட ஆளுகளுக்கு வெளங்கற மாதிரி இன்னும் எழுதல, அத எழுதோணும்னு கேக்கத்தான் இந்த லெட்டர். ஏன் கேக்கறேன்னு சொன்னா கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

என்ற அப்புச்சி, எங்கம்மாவப் பெத்தவரு, உடுக்கை அடிச்சு அண்ணமார் கதை பாடறவருங்க. பொன்னரு, சங்கரு, தங்காளு, தாமரை, குன்னுடையா கவுண்டருன்னு ராத்திரி ராத்திரியா போற கதை, அவரு அத பொஸ்தகத்துல படிச்சு கத்துக்கல, அவங்க அய்யன் பாடறப்ப பின்பாட்டு பாடிப் பாடியே மனசுல ஏறுனது. படுகளத்துல, அண்ணன்மாரு ரெண்டு பேரும் செத்து விழுந்த எடத்துல, தங்காளு அவங்களத் தேடிட்டுப் போற எடம் வந்தா உடுக்கையோட நடுக்கயித்த இடது கையில இறுக்கி இறுக்கி விடுவாரு, சத்தம் ஏறி எறங்கி ஒரு ஆளு விம்முறாட்டம் வரும், அதுக்கு மேல குரல போட்டாருன்னா முன்னாடி பாய் போட்டு உக்காந்திருக்கற பொம்பளைங்க அத்தினி பேரும் முந்தானைய எடுத்து மூஞ்சிய மூடிக்குவாங்க. நான் சின்னப் புள்ளைல அந்த எடத்துக்கு முன்னாடியே தூங்கிருவேன், அம்மா என்னைய எழுப்பி உக்கார வைப்பாங்க.

2022 மாசி மாசம் எங்கம்மா ஊரு கோயில் நோம்பில அப்புச்சி பாடுனாரு. அதுதான் அவரு கடைசியா முழுசாப் பாடுனதுன்னு அப்ப யாருக்குத் தெரியும். எனக்கு அன்னிக்கு ஒன்றரை ஷிப்டு, சரக்கு அனுப்பற அவசரம், போக முடியல. மைக் செட்டு போட்ட தம்பி அவன் பேஜ்ல லைவ் போட்டிருந்தான், ராத்திரி வேன்ல வர்றப்ப பாத்தேன், மூணு மணி நேரத்துக்கு மேல ஓடுச்சு. உடனே சேவ்னு இருக்கற பட்டன அமுக்கி வச்சுக்கிட்டேன். அதுக்கப்பறம் மனசு சரியில்லைன்னா, நல்ல நாளுன்னா, அதத் தொறந்து ஒரு பத்து நிமிசம் கேட்டுட்டு மூடிருவேன். சேவ் பண்ணித்தான வச்சிருக்கோம், நம்ம கையிலதான இருக்குன்னு ஒரு தைரியம்.

போன தை மாசம் அப்புச்சி தவறிட்டாருங்க. கருமாதி அன்னிக்கு ஒறம்பரை எல்லாம் வாசல்ல பந்தலுக்குள்ள உக்காந்திருக்காங்க, எங்க பெரிய மாமா, ஏஞ்சாமி நீதான அப்பன் பாட்ட வச்சிருக்கற, அந்த டிவில போட்டு வுடு, எல்லாரும் ஒட்டுக்கா கேப்போம்னாரு. நானும் போன எடுத்து சேவ் பண்ணதுக்குள்ள போயி தொட்டேன். சாம்பல் கலர்ல ஒரு கட்டம். இந்த உள்ளடக்கம் தற்போது கிடைக்கவில்லைன்னு ஒரு வரி. நெட்டு இல்லியோன்னு வாசல்ல இருந்து காட்டுக்குப் போற வழி, இட்டேறி வரைக்கும் போன தூக்கிட்டு நடந்தேன், ஆப் மூடித் தொறந்தேன், போன அணைச்சுப் போட்டேன், அதே வரிதான். அம்முச்சி, எங்கம்மாவோட அம்மா, திண்ணைல உக்காந்து என்னையே பாத்துட்டு இருந்தாங்க. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது.

அந்த மைக் செட்டு தம்பியத் தேடிப் புடிச்சுக் கேட்டேன், அவன் மைக் செட்ட வித்துட்டு வேற சோலிக்குப் போயிட்டான், பழைய பேஜையும் அழிச்சுட்டானாம். உன்ற போன்ல இருக்குமே கண்ணுன்னு கேட்டா, லைவ்தானுங்க அக்கா, அது அப்படியே நெட்டுல போயிரும், போன்ல பதியாதுங்கன்னு சொல்றான். அவன் மேல நான் கோவப்படல, அவன் அன்னிக்குப் போடலைன்னா நாங்க அதையும் பாத்திருக்க மாட்டோம். ஆனா அப்ப நான் மூணு வருசமா சேவ் பண்ணி வச்சிருந்தது என்னங்க? அது வீடியோ இல்ல, வீடியோ இருக்கற எடத்துக்கு வழி, அவ்வளவுதான். ஒருத்தரு ஊட்டுக்கு வழிய எழுதி மடிச்சு பையில வச்சிருந்தேன், போயிப் பாத்தா ஊட்டையே இடிச்சுப் போட்டாங்க.

அதுக்கப்பறம் ஒரு மாசம் எங்க கம்பெனி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கற புள்ளைகிட்ட மதியச் சோத்து நேரத்துல உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், நானும் போன்ல செஞ்சு பாத்தேன், அதத்தான் இங்க எழுதறேன், தப்பு இருந்தா நீங்க திருத்திப் போடுங்க.

பேஸ்புக்குல சேமின்னு இருக்கறது அடையாளம் வைக்கறது மட்டும்தான். போட்டவங்க எடுத்துட்டா நம்மளுக்கும் போச்சு. லைவுக்கு இன்னொரு சேதி இருக்குதுங்க, 2025 பிப்ரவரி 19ல இருந்து பேஸ்புக்குல போடற லைவ் வீடியோ 30 நாள்தான் இருக்கும், அதுக்கு மேல அவங்களே அழிச்சிருவாங்க, பழைய லைவ் வீடியோவையும் எடுக்கறதா அறிவிச்சு, போட்டவங்களுக்குத் தகவல் அனுப்பி எறக்கிக்க 90 நாள் டைம் குடுத்தாங்க. இது எங்க பக்கம் எத்தினி கோயில் கமிட்டிக்குத் தெரியும்னு நினைக்கறீங்க? ஊருக்கு ஊரு தேர், பூச்சாட்டு, கம்பம் ஆடறது, மாவிளக்கு எல்லாம் லைவ்லதான போடறாங்க, வெளிநாட்டுல இருக்கற பசங்க பாக்கட்டும்னு. போட்டவங்க அந்த 30 நாளைக்குள்ள அவங்க போன்லயோ கம்ப்யூட்டர்லயோ எறக்கிக்கலாம், அதுக்கு வழி அதுலயே இருக்கு. ஆனா தெரிஞ்சாத்தான எறக்குவாங்க.

யூடியூப்பு வேற மாதிரிங்க. அதுல டவுன்லோடுன்னு பட்டனே இருக்கு, 2014 டிசம்பர்ல இந்தியாவுக்கு அந்த வசதி வந்தப்ப எறக்குனது 48 மணி நேரம் நெட்டு இல்லாம ஓடும்னாங்க. 2019ல இருந்து மாசக் காசு கட்டற பிரீமியம் வந்துச்சு, அதுல எறக்குனாலும் 30 நாளைக்கு ஒருக்கா நெட்டு போட்டுக் காட்டோணும். முக்கியமான சங்கதி என்னன்னா அது கேலரிக்கு வராது, அந்த ஆப்புக்குள்ளயே பூட்டித்தான் இருக்கும், வாட்ஸப்புல அனுப்ப முடியாது, பென்டிரைவ்ல போட முடியாது, போட்டவங்க வீடியோவ எடுத்துட்டா அடுத்து நெட்டு போட்டதும் நம்ம எறக்குனதும் போயிரும். வேன்ல போறப்ப பாக்கறதுக்கு அது போதும், நான் இல்லைங்கல. எங்க கம்பெனில கீழ்தளத்துல அத்தினி மெசினுக்கும் நடுவுல சிக்னல் நிக்காது, வெடியால ஊட்டுல எறக்கிட்டுப் போனா மதியம் சோறு உண்டுட்டே பாத்துக்கலாம், நாளைக்கு ஒண்ணரை ஜிபி கார்டுல ஒரு மணி நேர வீடியோவ சின்ன சைசுல எறக்குனா எனக்கு 300 எம்பிக்குள்ளதான் ஆகுது. ஆனா அப்புச்சி குரலாட்ட ஒண்ண காலத்துக்கும் வச்சிருக்கறதுக்கு அது பத்தாது.

இன்ஸ்டாவுல ரீல்ஸுக்கு மட்டும் 2023 கடைசில இருந்து எல்லா நாட்டுலயும் டவுன்லோடு குடுத்திருக்காங்க, அது கேலரிக்கே வந்துருது, மேல போட்டவங்க பேரும் ஒட்டிட்டு வரும், ஆனா அவங்க அந்த வசதிய நிறுத்தி வச்சிருந்தா வராது. வாட்ஸப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம்தான், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா வாட்ஸப்புல சும்மா வீடியோவா அனுப்புனா அது சுருக்கித்தான் அனுப்புது, நாலு பேரு கை மாறி வர்றப்ப மூஞ்சியே தெரியாம மங்கிப் போயிருது, அதுவே டாக்குமெண்டுன்னு குடுத்து அனுப்புனா 2 ஜிபி வரைக்கும் இருக்கறது இருக்கறபடியே போகுது. இந்த ஒரு சேதிய உங்க பேப்பர்ல பெருசாப் போட்டீங்கன்னா கல்யாண வீடியோ வச்சிருக்கற அத்தினி பேரும் உங்கள வாழ்த்துவாங்க.

முந்தியெல்லாம் இந்தக் கஷ்டம் இல்லீங்க. செல் கடைல காசு குடுத்து மெமரி கார்டு நிறைய பாட்டும் வீடியோவும் ஏத்திட்டு வருவோம், அது நம்ம கையில இருக்கற பொருளு, கார்டு ஒடைஞ்சாத்தான் போகும். 2016ல நெட்டு சல்லிசானதுக்கு அப்பறம் எதையும் எறக்கற பழக்கமே போயிருச்சு, வேணுங்கறப்ப பாத்துக்கலாம்னு வுட்டுட்டோம். 2020 ஜூன் 29ந்தேதி 59 ஆப்ப ஒரே நாள்ல தடை பண்ணாங்களே, டிக்டாக்கும் அதுல ஒண்ணு, அதுல எங்க ஊருகள்ல இருந்து பாடுனது ஆடுனதெல்லாம் எத்தினி ஆயிரம் இருந்திருக்கும், போன்ல எடுத்து வச்சவங்களுக்கு இருக்கு, மத்தவங்களுக்கு இல்ல. அப்பவே நம்ம ரோசனை பண்ணிருக்கோணும்.

சரி எறக்கோணும்னு நினைக்கறவங்க என்ன பண்றாங்கன்னா நெட்டுல தேடி, லிங்க இங்க ஒட்டுங்க, எறக்கித் தர்றோம்னு இருக்கற எடத்துக்குப் போறாங்க, இல்லாட்டி யாரோ வாட்ஸப்புல அனுப்புன ஏபிகே பைல, பிளே ஸ்டோர் இல்லாம நேரா ஆப் ஏத்தற பைல, போன்ல ஏத்திக்கறாங்க. எங்க லைன்ல வேலை செய்யற ஒரு அக்கா அப்படித்தான் ஒரு ஆப்ப ஏத்துனாங்க. அது மெசேஜ் பாக்கறதுக்கு, போன் புக்கு பாக்கறதுக்கு எல்லாம் பர்மிசன் கேட்டிருக்கு, அவங்க எல்லாத்துக்கும் சரின்னு குடுத்துட்டாங்க, மூணாவது நாள் சம்பளம் ஏறுன அக்கவுண்டுல இருந்து துடைச்சு எடுத்துட்டாங்க. அந்தக்கா மெசின் முன்னாடி தலை கவுந்து உக்காந்திருந்தத இன்னும் என்னால மறக்க முடியல, புள்ளைக்குப் பீஸு கட்ட வச்சிருந்த காசுங்க அது. இப்படி நெட்டுல காச ஏமாத்துனா சொல்றதுக்கு இருக்கற 1930 நம்பருக்கு உடனே போன் பண்ணோணும்னு எங்க யாருக்கும் அன்னிக்குத் தெரியல, அடுத்த நாள்தான் பண்ணாங்க. வீடியோ எறக்கறதுக்கு எதுக்குங்க மெசேஜ் பர்மிசன்? இப்படிக் கேக்கற எந்த ஆப்பும் வேண்டாம், பிளே ஸ்டோருக்கு வெளிய இருந்து வர்ற ஏபிகேவ தொடவே வேண்டாம்னு நான் இப்ப வேன்ல ஏறுற ஒவ்வொருத்தருகிட்டயும் சொல்லிட்டிருக்கேன்.

இன்னொரு பக்கமும் இருக்குதுங்க, அதையும் சொல்லியாகோணும். நான் ரெண்டு வருசமா வள்ளி கும்மி டீம்ல இருக்கேன், வள்ளி முருகன் கதையப் பாடிட்டே ஆடற ஆட்டமுங்க. ஒரு காலத்துல அது ஆம்பளைங்க மட்டும் ஆடுனது, கோயம்புத்தூர் மாவட்டத்து பத்ரப்பன் ஐயா பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்துக் கொண்டு வந்தாரு, 2024ல அவருக்கு பத்மஸ்ரீ குடுத்தப்ப எங்க டீம்ல எல்லாரும் கோயில் வாசல்ல தேங்கா ஒடைச்சோம். இன்னிக்கு ஊருக்கு ஊரு பொம்பளைங்க ஒரே கலர் சீலை கட்டி நூறு பேரு இருநூறு பேருன்னு ஆடறோம்னா அதுல பாதி படிப்பு போன்லதான் நடக்குது. வாத்தியார் வாரத்துல ரெண்டு நாள்தான் வருவாரு, மீதி நாள்ல அவரு அடி போட்டுக் காட்டுன வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்து ஊட்டு வாசல்ல ஆடிப் பாப்போம், வலது கால் முன்ன வருதா இடது கால் வருதான்னு சந்தேகம் வந்தா மறுபடி பின்னாடி இழுத்துப் பாப்போம், அதுக்கு நெட்டு சுத்திட்டே நின்னா ஆட்டமே கெட்டுப் போகும், அதனால எறக்கி வச்சுக்கறது எங்களுக்குச் சோறு மாதிரி.

ஆனா எங்க டீம்ல ஒரு புள்ளை, அரங்கேற்றத்துல முன் வரிசைல ஆடுனவ, அவ வீடியோவ மட்டும் எவனோ வெட்டி எடுத்து, எங்க பாட்டத் தூக்கிட்டு வேற ஒரு கேவலமான பாட்டப் போட்டு அவன் பேஜ்ல போட்டுட்டான். அந்தப் புள்ளை அதுக்கப்பறம் ஒரு மாசம் ஆட வரல. அவ மாமியா ஊட்டுல என்ன பேச்சு நடந்துச்சுன்னு நான் எழுத விரும்பல. எறக்கறது தனக்குப் பாக்கறதுக்கு, தன் ஊட்டுல வச்சுக்கறதுக்கு. 1957 காப்பிரைட் சட்டத்துலயே சொந்த உபயோகத்துக்கு நியாயமாப் பயன்படுத்தறத தனியா வச்சுத்தான் சொல்லிருக்காங்கன்னு எங்க ஊருல ஒரு வக்கீலய்யா சொன்னாரு, அந்தந்தக் கம்பெனி போட்டிருக்கற விதிய அது மாத்தாதுன்னும் சொன்னாரு, பட்டன் குடுத்திருந்தா எறக்கு, இல்லாட்டி போட்டவங்ககிட்ட கேட்டு வாங்குன்னாரு. கேட்டா குடுப்பாங்கங்க, நம்ம பக்கத்து ஆளுக அப்படியொண்ணும் இல்லைன்னு சொல்றவங்க இல்ல. அடுத்தவங்க வீட்டுப் பொம்பளைங்க வீடியோவ எறக்கி வெட்டி ஒட்டிப் போடறது மட்டும் மன்னிக்க முடியாத காரியம். இப்ப எங்க டீம் இன்ஸ்டாவுல டவுன்லோட நிறுத்தி வச்சுட்டு, எங்க ஆளுகளுக்கு பென்டிரைவ்ல குடுக்கறோம். அப்படி நிறுத்தலாம்ங்கறதே எங்களுக்கு அந்தப் புள்ளை பட்ட பாட்டுக்கு அப்பறம்தான் தெரிஞ்சுது.

நான் உங்ககிட்ட கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லீங்க. நாலு வாரம், வாரம் அரைப் பக்கம், சேவ் பண்றது வேற எறக்கறது வேறன்னு பேச்சுத் தமிழ்ல படம் போட்டு எழுதுங்க. எந்த ஆப்புல எறக்குனா போன்ல நிக்கும், எதுல நிக்காதுன்னு சொல்லுங்க. நம்ம போட்ட வீடியோவ நாமளே திரும்ப எறக்கறது எப்படின்னு சொல்லுங்க, யூடியூப்புல சேனல் வச்சிருக்கறவங்க யூடியூப் ஸ்டூடியோங்கற பக்கத்துக்குள்ள போயி அவங்க வீடியோவ எறக்கலாம்னு சேனல் வச்சிருக்கற எங்க வாத்தியாருக்கே தெரியல. கோயில் கமிட்டிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை எழுதுங்க, லைவ் போடறப்ப பக்கத்துல இன்னொரு போன்ல தனியா பதிஞ்சு வைங்க, நோம்பி முடிஞ்சு கணக்குப் பாக்கற அன்னிக்கே ஒரு ஹார்ட் டிஸ்குல போட்டு நோட்டு புஸ்தகத்தோட கோயில் பீரோவுல வைங்கன்னு. மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் எவ்வளவோ செலவு பண்றோம், அதுல இது ஒரு மூலைக்கு வராது.

1965லயே காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துல வந்து தங்கியிருந்து பிரெண்டா பெக்ங்கற கனடாக்கார அம்மா இந்த அண்ணமார் கதைய டேப்புல பதிஞ்சாங்க. அப்பப் பாடுனவரு குரல் இன்னிக்கும் இருக்குது. அறுபது வருசத்துக்கு முன்னாடி பாடுனது இருக்குது, மூணு வருசத்துக்கு முன்னாடி என்ற அப்புச்சி பாடுனது இல்ல. நெனச்சா வெசனமா இருக்குங்க.

முழுசா இல்லைன்னும் சொல்லக்கூடாது. சித்திரைல எங்க சின்ன மாமா மகன் பழைய போன் ஒண்ண அலமாரில இருந்து எடுத்து சார்ஜ் போட்டுப் பாத்தப்ப, அன்னிக்கு ராத்திரி அவன் எடுத்தது பதினோரு நிமிசம் இருந்துச்சு. மண்டபத் தூணுக்குப் பின்னாடி நின்னு எடுத்திருக்கான், அப்புச்சி மூஞ்சி பாதிதான் தெரியுது, பக்கத்துல ஒரு கொழந்தை அழுவுது, ஆனா குரல் தெளிவா இருக்கு. தங்காளு தேடிட்டுப் போறதுக்கு முந்தின எடம், அவரு சாமி கும்புட்டு ஒரு மடக்கு தண்ணி குடிச்சுட்டு உடுக்கைய எடுக்கறதோட முடிஞ்சிருது. அம்முச்சிக்குக் காட்டுனேன், அவங்க டிவிய தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. இப்ப அது என்ற போன்ல, அண்ணன் ஊட்டு கம்ப்யூட்டர்ல, ஒரு பென்டிரைவ்லன்னு மூணு எடத்துல இருக்கு, பென்டிரைவ மஞ்சத் துணில சுத்தி நகைப் பொட்டில வச்சிருக்கேன்.

அந்த 2022 மாசி நோம்பிக்கு ஊத்துக்குளி, பெருந்துறை, சென்னிமலை பக்கத்துல இருந்தெல்லாம் சனம் வந்துச்சுங்க. உடுக்கைப் பாட்ட அன்னிக்குப் போன்ல எடுத்தவங்க யாராச்சும் இதப் படிச்சீங்கன்னா பழைய போன், பழைய கார்டு எல்லாம் ஒருக்கா தொறந்து பாருங்க. அஞ்சு நிமிசம் இருந்தாலும் பரவால்ல, தங்காளு படுகளத்துக்குப் போற எடம் இருந்தா அது போதும், எங்கம்மா ஊரு கோயில் பூசாரிகிட்ட குடுத்துட்டுப் போங்க, வெறும் பென்டிரைவ் ஒண்ணு வாங்கி அவருகிட்ட குடுத்து வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஊத்துக்குளி பக்கத்து வாசகி